வீடு மாறும் வாக்காளர்: முகவரி மாற்றமும் வாக்காளர் பட்டியலும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வாடகை வீடு மாறுகிற குடும்பம் புது வீட்டில் பால் காய்ச்சிய சில நாட்களிலேயே எரிவாயு இணைப்பை மாற்றிவிடுகிறது. பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுகிறது. அரிசி வேண்டுமே என்று ரேஷன் அட்டையின் முகவரியும் சில மாதங்களில் மாறிவிடுகிறது. வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர் மட்டும் பழைய தெருவிலேயே தங்கிவிடுகிறது. மற்றவற்றின் தேவை மாதந்தோறும் தட்டுகிறது. இதன் தேவையோ தேர்தல் வரும்போதுதான் தெரிகிறது. அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இதை வாக்காளரின் அசட்டை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அசட்டை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. ஒருவர் எங்கே வாழ்கிறார் என்ற உண்மையைத்தான் இந்தியத் தேர்தல் சட்டம் கேட்கிறது. நடைமுறையில் கேட்கப்படுவது அந்த உண்மைக்கான காகிதம். காகிதம் இல்லாத வாடகைக் குடித்தனக்காரரும், கட்டுமானத் தொழிலாளியும், கல்யாணமாகிப் புகுந்த வீடு போன பெண்ணும் இந்த இடைவெளியில்தான் தம் வாக்கை இழக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1960-ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகள், 2022-இல் வந்த படிவ மாற்றம், 2025-இன் சிறப்பு தீவிர திருத்தம் ஆகியவற்றை, தமிழ்நாட்டை மையமாகக் கொண்டு, இந்த வாதத்தின் வழியே காண்போம்.

2. குடியிருப்பு பற்றிச் சட்டம் சொல்வது

2.1 இரண்டே நிபந்தனைகள்

அரசமைப்பின் 326-ஆம் பிரிவு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தருகிறது. 61-ஆவது திருத்தத்தால் 1989 முதல் அந்த வயது 21-இலிருந்து 18-ஆகக் குறைந்தது. அந்த உரிமை எந்தத் தொகுதியில் செல்லும் என்பதை 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தீர்மானிக்கிறது. வயதைக் கணக்கிடுவதற்கென்று குறிக்கப்பட்ட தகுதி நாளில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். வேறு நிபந்தனை எதையும் அப்பிரிவு விதிக்கவில்லை. இத்தனை மாதம் தங்கியிருக்க வேண்டும் என்ற கணக்குகூட அதில் இல்லை. போன வாரம் குடிவந்து, இனி இங்கேதான் வாழ்க்கை என்று நிலைகொண்டவர் இந்த வாரமே விண்ணப்பிக்கலாம்.

17-ஆம், 18-ஆம் பிரிவுகள் இதன் மறுபக்கம். ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவு பெறக் கூடாது. ஒரே தொகுதியிலும் இரு முறை பதிவு பெறக் கூடாது. பொய்யான உறுதிமொழி தந்தால் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே புதிய இடத்தில் பெயர் சேர்வதும் பழைய இடத்தில் பெயர் நீங்குவதும் ஒரே செயலின் இரு பாதிகள்.

2.2 சொந்த வீடு தகுதியாகாது

20-ஆம் பிரிவைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒரு தொகுதியில் சொந்த வீடு வைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அது தொடங்குகிறது. தற்காலிகமாக வெளியே போனதாலேயே ஒருவர் தம் குடியிருப்பை இழந்துவிட மாட்டார் என்று அடுத்தபடியாகச் சொல்கிறது. சிறையிலோ மனநல மருத்துவமனையிலோ இருப்பவருக்கு அந்த இடம் குடியிருப்பாகாது. படைவீரர் போன்ற பணி வாக்காளர்கள் பணி நிமித்தம் எங்கிருந்தாலும் அவர்களுடைய சொந்த ஊரே குடியிருப்பாகக் கருதப்படும். ஐயம் எழுந்தால், விவகாரத்தின் எல்லா உண்மைகளையும் வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று ஏழாம் உட்பிரிவு கூறுகிறது.

எல்லா உண்மைகளும் என்றால், அடுப்பு எரிகிற இடம், பிள்ளைகள் படிக்கிற பள்ளி, அக்கம்பக்கத்தார் சொல்வது எல்லாமே கணக்கில் வரும். ரசீது என்பது அவற்றுள் ஒன்று, அவ்வளவே.

2.3 உறுப்பினர்களுக்குக் கிடைத்த சலுகை

இந்தக் கேள்வி மிகப் பெரியவர்களையும் தொட்டிருக்கிறது. 1991 முதல் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்மோகன் சிங், குவாஹாட்டியில் ஒரு வாடகை வீட்டு முகவரியில் வாக்காளராக இருந்தார். அது உண்மையான குடியிருப்புத்தானா என்ற சர்ச்சை எழுந்தது. மாநிலங்களவை வேட்பாளர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2003-இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அவை உறுப்பினர்களுக்கு இடையூறாக இருந்த குடியிருப்பு விதி இப்படித் தளர்ந்தது. நாடெங்கும் வேலை தேடி அலைகிற தொழிலாளிக்கு அப்படி ஒரு தளர்வு இன்றுவரை கிடைக்கவில்லை.

3. முதல் பட்டியலும் அகதிகளும்

முகவரி மாறியவர்களை என்ன செய்வது என்பது சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் பட்டியலுக்கே வந்த சோதனை. 1948-இல் அரசியல் நிர்ணய சபைச் செயலகம் பட்டியல் தயாரிக்கும் வேலையைத் தொடங்கியபோது, முந்தைய ஓராண்டில் 180 நாட்களாவது அந்த இடத்தில் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. பிரிவினையால் எல்லை தாண்டி வந்த மக்களால் இதை நிறைவேற்ற முடியாது. இங்கேயே நிலையாக வாழப்போகிறேன் என்று அவர்கள் உறுதிமொழி தந்தாலே பதிவு செய்யலாம் என்று செயலகம் வழிவிட்டது. வரலாற்றாசிரியர் ஆர்னிட் ஷானி இந்தக் கடிதப் போக்குவரத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குடியரசு பிறக்கும் முன்பே, அரசமைப்பு நிறைவேறும் முன்பே, வீடிழந்தவரின் சொல்லை நம்பிப் பெயர் சேர்த்த நிர்வாகம் அது.

அதே பட்டியல் வேறொரு பாடமும் தருகிறது. வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தனர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. உறவை வைத்தே பெண்ணை அடையாளம் காணும் பழக்கம் இன்று வேறு வடிவில் தொடர்கிறது. திருமணமான பெண்ணுக்கு முகவரியோடு உறவினர் பெயரும் தந்தையிலிருந்து கணவருக்கு மாறுகிறது. இரண்டும் ஒருசேர மாறினால் பழைய பதிவோடு அவரை இணைத்துப் பார்ப்பது வீடுதோறும் வருகிற அலுவலருக்குக் கடினம். நம் நாட்டில் வீடு மாறும் வாக்காளர்களுள் மிகப் பெரிய கூட்டம் திருமணமான பெண்களே. நடைமுறையை வகுத்தவர்கள் அவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கியிருக்க வேண்டும்.

4. படிவம் 8

2022 ஆகஸ்ட் 1-க்கு முன், அதே தொகுதிக்குள் வீடு மாறியவர் படிவம் 8ஏ-வும், வேறு தொகுதிக்குப் போனவர் படிவம் 6-உம் தர வேண்டியிருந்தது. படிவம் 6 புதிய வாக்காளருக்கானது. முப்பது ஆண்டு ஓட்டுப் போட்டவரும் தொகுதி எல்லையைத் தாண்டினால் புதியவராகவே விண்ணப்பித்தார். பழைய இடத்தில் பெயரை நீக்கும் தகவல் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பல நேரங்களில் போய்ச் சேரவில்லை. இரட்டைப் பதிவுகளில் பெரும்பகுதி மோசடியால் வந்ததன்று. இப்படித் தேங்கியதுதான் என்று கருத இடமிருக்கிறது.

இப்போது எல்லா இடமாற்றத்துக்கும் படிவம் 8 ஒன்றே. பிழை திருத்தம், வாக்காளர் அட்டைக்கு மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி எனக் குறிக்கச் செய்தல் ஆகியவையும் அதிலேயே அடங்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ விண்ணப்பிக்கலாம். பகுதிக்குரிய வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரில் தரலாம். சனி, ஞாயிறுகளில் நடக்கும் சிறப்பு முகாம்களிலும் தரலாம். 1950 என்ற தொலைபேசி எண்ணில் தகவல் கேட்கலாம். விண்ணப்பம் வாக்காளர் பதிவு அலுவலரின் அலுவலகத்தில் ஒட்டப்பட்டு, ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் தரப்படும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ஏற்கப்பட்டால் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறும். மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அட்டை எண் மாறாது.

அட்டை எண் மாறாமல் இருப்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. வாக்காளர் ஊர்விட்டு ஊர் போனாலும் அவர் அதே ஆள்தான் என்று அரசு ஒப்புக்கொள்கிற சான்று அது. சேர்ப்பதும் நீக்குவதும் ஒரே விண்ணப்பத்தில் முடிவதால், இடையில் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் தொங்கும் நிலையும் குறைகிறது.

இன்னொன்றும் உண்டு. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனிக் கணக்கெடுப்பு கிடையாது. சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாக வைத்தே மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு பட்டியலைத் தயாரிக்கிறது. முகவரியை மாற்றாதவர், தம் தெருவில் சாக்கடை அடைத்தால் யாரிடம் முறையிடுகிறாரோ அந்தக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்.

5. வாடகைக் குடித்தனமும் காகிதமும்

முகவரிக்குச் சான்றாக மின்சாரம், குடிநீர், எரிவாயு ரசீது, ஆதார், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், கடவுச்சீட்டு, வருவாய்த் துறையின் நில ஆவணம், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் ஆகியவற்றுள் ஒன்று கேட்கப்படுகிறது. சொந்த வீட்டுக்காரருக்கு இது எளிய பட்டியல். வாடகைக்காரரின் இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. குடிநீர் வரியும் அப்படியே. வாடகை ஒப்பந்தம் இருந்தால் அது பதினொரு மாதத்துக்கு எழுதப்பட்டிருக்கும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், பதிவைத் தவிர்க்கவே நம் ஊரில் பதினொரு மாதம் என்ற வழக்கம் வேரூன்றியது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் எல்லா வாடகை ஒப்பந்தங்களும் எழுத்தில் அமைந்து வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும் என்கிறது. சந்துகளில், மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒற்றை அறைகளில், அந்தச் சட்டம் இன்னும் நுழையவில்லை. முன்பணத்தை எண்ணிக் கொடுத்துச் சாவியை வாங்குவதோடு அங்கே ஒப்பந்தம் முடிகிறது. வாடகைக்காரர் பெயரில் எந்த அரசுக் காகிதமும் இந்த முகவரியில் உருவாகிவிடக் கூடாது என்று கவனமாக இருக்கும் உரிமையாளர்களும் உண்டு. பின்னாளில் காலி செய்ய மறுத்துவிடுவாரோ என்ற பயம். வாக்காளர் பதிவு அந்த வீட்டின்மேல் எந்த உரிமையையும் உண்டாக்காது. இதைத் தேர்தல் அலுவலர்கள் உரிமையாளர்களிடம் ஊரறியச் சொல்ல வேண்டும்.

எஞ்சுவது ஆதார். அதன் முகவரியை மாற்றவும் ஒரு முகவரிச் சான்று வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள பெற்றோர், கணவன் அல்லது மனைவி, வயது வந்த பிள்ளை பெயரில் உள்ள சான்றும் ஏற்கப்படும். அதைவிட முக்கியமானது, வீடற்றவர்களுக்காகத் தேர்தல் ஆணையமே வகுத்த முறை. நடைபாதையில் உறங்குபவரிடம் ஆவணம் கேட்பதில்லை. அவர் சொன்ன இடத்தில் உண்மையிலேயே இரவில் உறங்குகிறாரா என்று அலுவலர் இரவு நேரத்தில், ஒரு முறைக்கு மேல், போய்ப் பார்க்க வேண்டும். 20-ஆம் பிரிவின் கருத்துக்கு மிக நெருங்கி நிற்கும் நடைமுறை இதுவே என்பேன். கூரையே இல்லாதவருக்குக் கள விசாரணை போதுமானால், ஒழுகும் கூரையாவது உள்ள வாடகைக்காரருக்கு அது ஏன் போதாது? சட்டத்தைத் திருத்தாமலேயே இதைச் செய்யலாம். காகிதம் இல்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளுவதற்கு முன், நேரில் கண்டதையும் இரண்டு அண்டை வீட்டார் சொன்னதையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும்.

அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும். தம் அன்றாடப் பணியோடு வீடு வீடாகப் படியேறுகிறார்கள். அவர்கள்மேல் இன்னும் சுமை ஏற்றச் சொல்வதானால், அதற்கான நேரத்தையும் ஊதியத்தையும் கொடுக்கச் சொல்வதும் நேர்மை.

அரசே வீடு மாற்றிய மக்களும் இருக்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. பெரும்பாக்கமும் அதுபோன்ற இன்னொரு குடியிருப்பான கண்ணகி நகரும் சோழிங்கநல்லூர் தொகுதியில் வருகின்றன. 2021-இல் ஏறத்தாழ 6.9 லட்சம் வாக்காளர்களோடு தமிழகத்தின் மிகப் பெரிய தொகுதி அது. ஒதுக்கீட்டு ஆணையை அரசே தந்திருக்கும்போது, படிவம் 8-ஐயும் அதே நாளில் அதே மேசையில் வாங்கிக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

6. ஊர் ஓட்டு

முகவரியை மாற்றாததற்குப் பாசமும் ஒரு காரணம். 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்காகச் சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்துகள் புறப்பட்டன. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் கூடிய கூட்டத்தில் பலர் பத்து, இருபது ஆண்டுகளாக நகரத்தில் வாழ்பவர்கள். குலதெய்வமும் பங்காளிகளும் உள்ள ஊரில் ஓட்டு இருப்பது ஊரோடு உள்ள கடைசிப் பிடி என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஊராட்சித் தேர்தலில் சொந்தக்காரர் நின்றால் அந்த ஓட்டுக்கு மதிப்பும் அதிகம்.

இந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டம் இதற்கு இடம் தருவது தற்காலிகமாக வெளியே இருப்பவருக்கு மட்டுமே. ஆறு மாத வேலைக்குத் திருப்பூர் போனவர் ஊர் ஓட்டை வைத்துக்கொள்ளலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் வீட்டு முகவரியையோ விடுதி முகவரியையோ தேர்ந்துகொள்ளலாம். தாம்பரத்தில் மனை வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளை அங்கேயே வளர்த்தவருக்கு ஊர் ஓட்டில் சட்டப்படியான உரிமை இல்லை. தாம் குடியிருக்காத ஊரின் குடிநீரையும் சாலையையும் தீர்மானித்துவிட்டு, தாம் குடியிருக்கும் தெருவைப் பிறர் கையில் விடுகிறார் அவர்.

தொழிலாளிக்கு இது வேறு கணக்கு. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை உண்டு என்கிறது 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு. அது ஒரு நாள் விடுப்பு. திருப்பூரில் வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளி ஊர் போய்த் திரும்ப அந்த ஒரு நாள் போதாது. 2019 மக்களவைத் தேர்தலில் 67.4 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 30 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை. உள்நாட்டு இடப்பெயர்வு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று சொல்லித் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் தொலைநிலை மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை முன்வைத்தது. ஓர் இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கையாளலாம் என்றது. 2023 ஜனவரியில் அதைக் காட்டக் கட்சிகளை அழைத்தபோது பல கட்சிகள் ஐயம் எழுப்பின. திட்டம் அதற்குமேல் நகரவில்லை. யாரைப் புலம்பெயர்ந்தவர் என்பது, அவர் ஊர் ஓட்டாளரா இங்கத்திய ஓட்டாளரா என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் இயந்திரத்தை மட்டும் செய்து பயனில்லை.

7. 2025: காணப்படாதவர்களின் பட்டியல்

வீடு மாறியவர்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரியது என்பதை பட்டியலையே புதிதாக எழுதும் 2025-இன் சிறப்பு தீவிர திருத்தம் காட்டியது. பீகாரில் ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றுள் சுமார் 36 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது காணப்படாதவர்கள் என்று கூறப்பட்டது. பெயர்களைக் காரணத்தோடு வெளியிடுமாறு ஆகஸ்ட் 14-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் நவம்பர் 4 முதல் கணக்கீட்டுப் படிவங்கள் வீடு வீடாகத் தரப்பட்டன. டிசம்பர் 19-இல் வந்த வரைவில் வாக்காளர் எண்ணிக்கை 6.41 கோடியிலிருந்து 5.43 கோடியாகக் குறைந்தது. நீங்கிய 97.37 லட்சம் பெயர்களில் இறந்தவர்கள் 26.94 லட்சம், இரட்டைப் பதிவு 3.98 லட்சம். மிச்சம் 66.44 லட்சமும் முகவரி மாறியவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள். சென்னை மாவட்டத்தில் 40.04 லட்சத்தில் 14.25 லட்சம் பெயர்கள் நீங்கின. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இந்த எண்களை இரு விதமாகப் படிக்க வேண்டும். ஒன்று, பழைய பட்டியல் உண்மையில் பழுதாகியிருந்தது. 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலில் சென்னையின் வாக்குப்பதிவு 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று சென்னைவாசிகளைத் திட்டித் தீர்த்தோம். அந்தப் பட்டியலில் ஏற்கெனவே குடிபெயர்ந்தவர்களும் இறந்தவர்களும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வகுக்கும் எண் ஊதிப்போயிருந்தால் விழுக்காடு சுருங்கத்தான் செய்யும்.

மற்றது, அலுவலர் கதவைத் தட்டியபோது அங்கே இல்லாதவர் எல்லோரும் வாக்காளராக இல்லாமல் போகத் தகுந்தவர் அல்லர். சாதாரண காலத்தில் ஒருவர் குடியிருப்பை விட்டுவிட்டார் என்று பெயரை நீக்க வேண்டுமானால், அவருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவரின் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு, உரிய முறையின்றி அதை அகற்ற முடியாது என்று லால் பாபு உசேன் வழக்கில் 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீவிர திருத்தத்தில் பட்டியலே புதிதாக எழுதப்படுகிறது. விடுபட்டவர் படிவம் 6-ஐ உறுதிமொழியோடு தந்து மறுபடி சேர வேண்டும். 2022-இல் நாம் விட்டொழித்த நிலைக்கே இது திரும்புகிறது. வேளச்சேரியிலிருந்து ஆவடிக்குப் போன ஐம்பது வயதுக்காரர் மீண்டும் முதல் முறை வாக்காளர் ஆகிறார். இடம்பெயர்ந்தவர் என்று குறிக்கப்பட்ட ஒவ்வொருவரின் அட்டை எண்ணையும் உயிரோடு வைத்திருந்து, அவர் எந்தத் தொகுதியில் தோன்றினாலும் அதே எண்ணில் சேர்த்துக்கொள்வதே நியாயம். அதற்கு வேண்டிய தரவு ஆணையத்திடமே இருக்கிறது.

8. காலக்கெடுவும் மேல்முறையீடும்

வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு, தேர்தல் முடியும்வரை, பட்டியலில் எதையும் சேர்க்கவோ மாற்றவோ முடியாது என்கிறது 23-ஆம் பிரிவு. ஏழு நாள் அறிவிப்பும் விசாரணையும் அதற்குள் முடிய வேண்டும் என்பதால், குறைந்தது பத்து நாட்களுக்கு முன் விண்ணப்பம் சேர வேண்டும் என்பது நடைமுறை. 2024-இல் இது எப்படி அமைந்தது என்று பாருங்கள். தேர்தல் தேதி மார்ச் 16-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மனு தாக்கலின் கடைசி நாள் மார்ச் 27. பத்து நாளைக் கழித்தால் மார்ச் 17. தொலைக்காட்சியில் அறிவிப்பைக் கேட்டபின் முகவரியை மாற்ற நினைத்தவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. முகவரி மாற்றத்தைத் தேர்தலோடு சேர்த்து நினைக்கும் வழக்கத்தை விடச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. வீடு மாறிய மாதமே அதற்கான மாதம்.

விண்ணப்பம் தள்ளுபடியானால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் தோற்றால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. ‘ரிஜெக்ட் ஆயிடுச்சு’ என்று யாரோ வாய்மொழியாகச் சொன்னதோடு திரும்பிவிடுகிறார்கள். மேல்முறையீட்டுக் கெடு பதிவு அலுவலரின் உத்தரவு நாளிலிருந்து ஓடுகிறது; ஆகவே விண்ணப்பத்தின் குறிப்பு எண்ணையும், காரணம் குறித்த எழுத்து உத்தரவையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காகிதம் இல்லை என்று தள்ளியிருந்தால், கள விசாரணை நடந்ததா, யாரை விசாரித்தார்கள் என்பதே மேல்முறையீட்டில் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி. 20-ஆம் பிரிவின் ஏழாம் உட்பிரிவு அந்தக் கேள்விக்குத் துணை நிற்கிறது.